சக்கார்னா ‘எடு’, அவ்வளவுதான்

அண்ணா, ஸ்பானிஷ் கத்துக்கிறேன். போட்டோ எடுக்கிறதுக்கு புக்ல ‘சக்கார்’னு இருக்கு, அர்த்தம் ‘டேக் அவுட்’டாம். போட்டோவை எதுக்குள்ளேர்ந்து வெளில எடுக்கிறது? மெக்சிகோ டீச்சர் ‘தோமார்’ங்கிறாங்க. எது சரி? ‘எடுத்தேன்’னு சொல்றப்ப ஸ்பெல்லிங் ஏன் மாறுது? நல்ல ஆப் ஏதாவது இருக்கா?
– ம.

ம, ரெண்டுமே சரிம்மா. ஸ்பெயின்ல ‘செய்’ங்கிற வினையைப் போட்டும் சொல்வாங்க. ஸ்பெல்லிங்ல பெரிய ரகசியம் இல்ல, சக்கார்ல (sacar) ‘க’ சத்தத்துக்கு ‘சி’ எழுத்துதான், அந்த ‘சி’க்கு அடுத்து ‘ஈ’ (e) வந்தா ‘க’ சத்தம் போயிடும், அதைக் காப்பாத்த ‘க்யூ, யூ’ போட்டு ‘சக்கே’ன்னு எழுதுறாங்க. ஆப் பத்தியெல்லாம் என்கிட்ட கேட்காத.

ஆனா அந்த ‘டேக் அவுட்’டைப் பாத்ததும் கோவம் வந்துச்சு. வீட்ல தமிழ் பேசுற பொண்ணு, எதுக்கு இங்கிலீஷ் வழியா சுத்திப் போற? நாம போட்டோ எடுக்கிறோம், ஏடிஎம்ல பணம் எடுக்கிறோம், சினிமாவுக்கு டிக்கெட் எடுக்கிறோம், ஜெராக்ஸ் எடுக்கிறோம், பரீட்சைல மார்க் எடுக்கிறோம், லேப்ல ரத்தம் எடுக்கிறாங்க. இது அத்தனைக்கும் ஸ்பானிஷ்ல சக்கார்தான்! இங்கிலீஷ்காரன் ஒவ்வொண்ணுக்கும் வேற வேற வினை தேடி மனப்பாடம் பண்ணணும், உனக்கு ஒரே ‘எடு’ கைல இருக்கு, அதை விட்டுட்டு எங்கேர்ந்து வெளிலன்னு கேட்டுட்டு நிக்கிற. எல்லா இடத்துலயும் ஒட்டாது, நாக்கை நீட்டுறதுக்கும் அவங்க சக்கார்தான் சொல்வாங்க. பரவால்ல, முக்கால்வாசி கைல வந்துடும்ல?

உன்னைத் திட்டுறேனே, நானும் அதே லட்சணம்தான். மாட்ரிட் போன புதுசு. புவெர்தா தெல் சோல் சதுக்கத்துல மரத்துல சாஞ்சு நிக்கிற அந்தக் கரடி சிலை முன்னாடி நின்னு, போற வர்றவங்ககிட்டல்லாம் போட்டோ எடுக்கச் சொல்லிச் சொல்லி சக்கார் எனக்கு நல்லா படிஞ்சிடுச்சு (ஒரு பாட்டி மட்டும் “எல் இல்லப்பா, லா ஃபோத்தோ”ன்னு திருத்தினாங்க, ‘ஃபோத்தோகிராஃபியா’ங்கிற பெண்பால் சொல்லோட சுருக்கம், அதனால முன்னாடி ஆண்பால் ‘எல்’ வராது, ‘லா’தான்). அந்த வாரமே கடவாய்ப்பல் வலி. டாக்டரம்மா எட்டிப் பாத்துட்டு பல்லைக் காட்டி என்னமோ சொன்னாங்க, அதுல சக்கார் மட்டும் காதுல விழுந்துச்சு. எக்ஸ்ரே போலன்னு நெனச்சு “சீ, சீ”ன்னு (ஸ்பானிஷ்ல ‘ஆமா, ஆமா’) பல்லைக் காட்டிக்கிட்டு போஸ் குடுத்தேன். அவங்க ஊசியை எடுத்தப்பதான் புரிஞ்சுது, எடுக்கப் போறது படமில்ல, பல்லு.