கம்பஸ் கிடைப்பதும் கம்பஸ் முடிப்பதும்

முல்லைத்தீவு மாவட்டம் ஒட்டுசுட்டானிலிருந்து எழுதிய அம்மாவுக்கு,

உங்கள் மகள் தரம் 12 இல் உயிரியல் பிரிவில் படிக்கிறார், முதலாந் தவணையில் இரசாயனவியலில் புள்ளி இறங்கிவிட்டது, இனி அவருக்குக் கம்பஸ், அதாவது பல்கலைக்கழக அனுமதி, கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. கிடைக்குமா என்பது ஒன்று. கிடைத்ததை உரிய காலத்தில் முடிப்பாரா என்பது மற்றொன்று. பெறுபேறு வந்த அன்று ஊரெல்லாம் முதலாவதைப் பேசும். இரண்டாவதை எவரும் கேட்பதில்லை.

அமெரிக்காவின் சிக்காகோ நகரில் அரசாங்கப் பாடசாலை மாணவர்களைப் பட்டம் பெறும்வரை பின்தொடர்ந்த ஆய்வாளர்கள் 2006 இல் ஒரு கணக்கை வெளியிட்டனர். தரம் 9 இல் சேரும் 100 பேரில் 6 பேர் மட்டுமே இருபதுகளின் நடுப்பகுதிக்குள் நான்கு ஆண்டுப் பட்டத்தை முடிப்பர் என்பது அந்தக் கணக்கு. பின்னர் அது 8 எனத் திருத்தப்பட்டது. அவர்கள் கண்டவற்றில் உங்களுக்குப் பயன்படக்கூடியது வேறொன்று: பட்டத்தை முடிப்பவர் யார் என்பதை நுழைவுப் பரீட்சைப் புள்ளியை விட, பாடசாலையில் ஆண்டுதோறும் எடுத்துவந்த புள்ளிகளே தெளிவாகக் காட்டின. ஆகவே ஒரு தவணையின் இறக்கத்தை மட்டும் பார்த்துக் கலங்காமல், தரம் 9 முதலான முன்னேற்ற அறிக்கைகளை எடுத்து வரிசையாக வைத்துப் பாருங்கள். கணிதமும் விஞ்ஞானமும் தொடர்ந்து நன்றாக இருந்து இப்போது மட்டும் இறங்கியிருந்தால் அது பெரும்பாலும் தரம் 12, 13 ஆகிய உயர்தர வகுப்புகளின் பாரம். வருடந்தோறும் இறங்கி வந்திருந்தால் பாடப்பிரிவைப் பற்றியே பேச வேண்டும்.

அனுமதியைப் பொறுத்தவரை, உயிரியல் பிரிவின் இடங்களில் ஏறத்தாழ 40 வீதம் அகில இலங்கைத் தகுதிக்கும் 55 வீதம் மாவட்ட ஒதுக்கீட்டுக்கும் உரியவை. மேலும் 5 வீதம் வரை கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்குச் செல்கிறது. முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா, மன்னார் நான்கும் அவற்றுள் அடங்கும். எனவே முல்லைத்தீவுப் பிள்ளை கொழும்புப் பிள்ளையை விடக் குறைந்த இசட் புள்ளியோடு (அனுமதிக்காக உயர்தரப் பெறுபேற்றைத் தரப்படுத்திக் கணிக்கும் புள்ளி) அதே விரிவுரை மண்டபத்தில் அமரக்கூடும். இது சலுகை அன்று, நியாயம் என்பதே என் எண்ணம். ஆனால் முதலாம் ஆண்டுப் பரீட்சையில் மாவட்ட ஒதுக்கீடு கிடையாது, விரிவுரையோ ஆங்கிலத்தில் நடக்கும். நன்றாகப் படித்த பிள்ளைகள் தடுமாறுவது பெரும்பாலும் அங்கேதான். உயர்தரம் எழுதி முடித்த பின் பல்கலைக்கழகம் தொடங்கும்வரை வரும் நீண்ட மாதங்களைச் சும்மா கழிய விடாமல், பாடநூலையே ஆங்கிலத்தில் வாசிக்கும் பழக்கத்துக்கு ஒதுக்குங்கள். பேச்சு ஆங்கில வகுப்பு பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

விண்ணப்பிக்கும் காலத்தில் மகளை இணையக் கடையில் தனியே விட்டுவிடாதீர்கள். கற்கைநெறிகளின் விருப்ப ஒழுங்கைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைந்நூலோடு வீட்டிலிருந்து எழுதிக்கொண்டு போங்கள்; பட்டியலில் எழுதாத கற்கைநெறி, புள்ளி எவ்வளவு இருந்தாலும் கிடைக்காது. வைத்தியத்துக்குக் கீழே எழுதுவதெல்லாம் தோல்வி என்று நினைக்கும் வீடுகளில்தான் இந்தப் பிழை அதிகம் நடக்கிறது. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் இருக்கிறது; 2021 இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாவும் தூரமில்லை. பல்கலைக்கழகம் கிடைக்காவிட்டால், அதே அறிவியல் நகரிலுள்ள இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகத்தில் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் பெறும் வழியும் உண்டு.

இன்னொரு வேண்டுகோள். பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்குப் போகும்போது, பல்கலைக்கழகம் சென்ற பழைய மாணவர்களில் எத்தனை பேர் பட்டம் முடித்தார்கள், இடையில் நின்றவர்கள் எந்த ஆண்டில் நின்றார்கள் என்று கேளுங்கள். பதில் இல்லாவிட்டால் குறை சொல்லாமல் இந்த வருடத்திலிருந்து ஒரு கொப்பியில் எழுதத் தொடங்கச் சொல்லுங்கள். போரில் பதிவேடுகளையே இழந்த பாடசாலைகள் உள்ள மண் இது.

வரும் வாரம் மகளையும் அழைத்து வாருங்கள். தரம் 9 முதலான அறிக்கைகளோடு இரசாயனவியல் விடைத்தாளும் வேண்டும். புள்ளியை அல்ல, எந்த வினாவில் பேனா நின்றது என்பதையே நான் பார்க்க வேண்டும்.