வயலின் வாசித்தால் கிரெடிட் கிடைக்குமா?

கேள்வி: என் மகள் கோலாலம்பூரில் ஒரு தனியார் கல்லூரியில் கணக்கியல் டிகிரி படிக்கிறாள். ஒரு வருடமாக அங்குள்ள மாணவர் இசைக்குழுவில் வயலின் வாசிக்கிறாள். இதற்குக் கிரெடிட் உண்டா? 600 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்தால் வாங்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார். – ஒரு தாயார், பிறை

பதில்: அந்த 600 வெள்ளியைக் கொடுத்துவிடாதீர்கள், அம்மா. கிரெடிட் என்பது பட்டம் முடிக்கச் சேர்க்க வேண்டிய பாட அலகு, கடையில் விற்கும் சரக்கல்ல. கல்லூரி ஏட்டில் பாடமாகப் பதிந்து, மதிப்பெண் வாங்கினால்தான் வரும். வெளியாள் தரும் "பங்கேற்புச் சான்றிதழ்" வேலை விண்ணப்பத்தோடு இணைக்கலாம், டிரான்ஸ்கிரிப்டில் (கல்லூரி தரும் மதிப்பெண் பட்டியலில்) ஏறாது. எட்டாம் கிரேடு இசைத் தேர்வும் தானாகக் கிரெடிட் ஆகாது.

போன வருடம் வாசித்ததை மறந்துவிடுங்கள். அடுத்த செமஸ்டரைப் பாருங்கள். எம்.பி.யூ. என்ற கட்டாயப் பொதுப் பாடங்களில் யூ4 என்ற புறப்பாடப் பிரிவு உண்டு. அதில் இசைக்குழு பாடக் குறியீட்டோடு இருக்கிறதா என்று மகள் போர்ட்டலில் பார்க்கட்டும். குறியீடு இல்லையென்றால் அது வெறும் சங்கம். சங்க உறுப்பினர் பட்டியலில் பெயர் இருப்பது பாடப் பதிவு ஆகாது. பிள்ளைகள் ஏமாறுவது இங்கேதான். மாணவர் விவகாரப் பிரிவைக் கேட்டால் ஃபேக்கல்டிக்குப் போ என்பார்கள், அங்கே போனால் பதிவாளரைப் பார் என்பார்கள். இப்படி அலையவிட்டே பாடம் சேர்க்கும் கெடுவைத் தாண்ட வைத்துவிடுகிறார்கள். இது அநியாயம்.

மணிக்கணக்கையும் தெரிந்துகொள்ளுங்கள். எம்.கியூ.ஏ. (மலேசியத் தகுதி முகமை) விதிப்படி 1 கிரெடிட்டுக்கு 40 மணி நேரக் கற்றல். 2 கிரெடிட் என்றால் 80 மணி. வாரம் 2 மணி ஒத்திகை, 14 வாரத்துக்கு 28 மணிதான். மீதி 52 மணியும் வீட்டுப் பயிற்சி, கச்சேரி, எழுத்து வேலை என்று போகும். ஒத்திகைக்கு மட்டும் வந்துவிட்டுப் பயிற்சிக் குறிப்பேட்டை எழுதாமல் விட்டால் மதிப்பெண் அங்கேதான் அடிபடும்.

இன்னொன்று: யூ4 பாடத்தை அவள் ஏற்கெனவே முடித்திருந்தால்? அப்போது இசைக்குழு கிரெடிட் அந்த இடத்தில் செல்லாது. விருப்பப் பாடத்துக்கு இடம் இருந்தால்தான் கணக்கில் வரும். அதே குறியீட்டை இரண்டாவது செமஸ்டரும் எடுத்தால், பொதுவாக மறுபதிவாகத்தான் பார்ப்பார்கள். கிரெடிட் இரட்டிக்காது, கட்டணம் மட்டும் இன்னொரு முறை போகும். இசைக்குழு 1, இசைக்குழு 2 என்று தனித்தனிக் குறியீடு இருந்தால் மட்டுமே இரண்டும் சேரும்.

பதிவதற்கு முன் ஃபேக்கல்டிக்கு மின்னஞ்சலில் மூன்று கேள்வி கேட்கட்டும்: குறியீடு என்ன, எத்தனை கிரெடிட், என் பட்டத்தில் எந்தப் பிரிவில் சேரும்? பதில் எழுத்தில் வந்த பிறகு பணம் கட்டுங்கள், அதுவும் கல்லூரிக் கணக்கில் மட்டும்.