கொடுத்தது எங்கே போகிறது?

அரசு மருத்துவமனை ரத்த வங்கியில் 31 ஆண்டுகள் செவிலியராக இருந்து ஓய்வு பெற்ற அக்கா, வாசகர் கேள்விகளுக்குப் பதிலளிக்கிறார்.

பக்கத்து வீட்டு அம்மாவுக்கு அறுவை சிகிச்சை நடந்தபோது 11 நாள் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தேன். என் மகன் டெங்குவில் படுத்தபோது அந்த வீட்டிலிருந்து ஒருவர்கூட எட்டிப் பார்க்கவில்லை. ஒருவர் செய்யும் நல்லது பத்துப் பேரிடம் பரவும் என்று எழுதினீர்களே, அக்கா. எனக்கு மட்டும் ஏன் இப்படி?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பிள்ளை காய்ச்சலில் துவண்டு கிடக்கும்போது வாசலில் ஒரு செருப்புச் சத்தம் கேட்காதா என்றுதான் மனம் ஏங்கும். உங்கள் வருத்தம் நியாயமானது. அந்த வீட்டார் செய்தது சரி என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் பரவும் என்றுதான் எழுதினேன், திரும்பி வரும் என்று எழுதவில்லை. இந்த இரண்டும் வேறு வேறு என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தது ரத்த வங்கி.

ஒரு மாசி மாத இரவு, பதினொன்றரை மணி இருக்கும். பிரசவமான பெண் ஒருத்திக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. ஓ நெகட்டிவ் வகை. எங்கள் இருப்பில் ஒரே ஒரு பைதான் இருந்தது. அவள் கணவர் செங்கல் சூளைத் தொழிலாளி. அவருடைய ரத்தம் பொருந்தாது. டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு அவர் உள்ளங்கை வியர்வையில் நனைந்து, எழுத்தெல்லாம் கலைந்திருந்தது. கூட வந்த உறவினர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். அப்போது வேறு யாரையோ பார்க்க வந்திருந்த ஒரு லாரி ஓட்டுநர், "எனக்கு அந்த வகைதான், எடுத்துக்கொள்ளுங்கள்" என்று சட்டைக் கையை மடித்துவிட்டபடி உள்ளே வந்தார். இருந்த ஒரு பையை உடனே பிரசவ வார்டுக்கு அனுப்பினோம். அவர் கொடுத்த 350 மில்லியைப் பரிசோதனைகள் முடித்து விடியற்காலையில் அனுப்பினோம். தாய் பிழைத்தாள்.

பொழுது விடிந்ததும் அந்தக் கணவர் ஓட்டுநரைத் தேடி வந்தார். அவரோ டீயைக்கூட முழுதாகக் குடிக்காமல் இரவே கிளம்பிப் போயிருந்தார். பெயரையாவது சொல்லுங்கள் என்று கெஞ்சினார். கொடுத்தவர் யார் என்பதைப் பெறுபவரிடம் நாங்கள் சொல்லக் கூடாது. வெகுநேரம் அங்கேயே நின்றுவிட்டுப் போனார்.

சித்திரையில் ஒரு நாள் தலை வாரி, துவைத்த சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றார். "யாருக்காவது எடுத்துக்கொள்ளுங்கள், அம்மா." அதன்பின் ஆண்டுக்கு இரண்டு முறையாவது வந்துவிடுவார். சூளையிலிருந்து ஒருவர், இருவர், ஒரு முறை ஐந்து பேர் என்று அழைத்து வருவார். எங்களிடம் ஒரு பை ரத்தத்தைச் சிவப்பணு, தட்டணு, பிளாஸ்மா எனப் பிரித்து மூன்று பேருக்குக்கூடக் கொடுக்க முடியும். அந்த ஓட்டுநரின் ஒரு பை எத்தனை உடம்புகளுக்குள் போய்ச் சேர்ந்தது என்று எனக்கே கணக்கில்லை. அவருக்கு இதில் எதுவும் தெரியாது. அன்றைய இரவை நினைத்தால், நன்றி சொல்லக்கூட யாரும் வரவில்லை என்றுதான் அவர் நினைத்திருப்பார்.

பழந்தமிழில் ஆற்றுப்படை என்று ஒரு பாட்டு வகையே இருந்தது. வள்ளலிடம் பரிசு பெற்றுத் திரும்பும் பாணன், எதிரே பசியோடு வரும் இன்னொரு பாணனை நிறுத்தி, யாரிடம் போக வேண்டும், எந்த வழியாகப் போக வேண்டும் என்று சொல்லி அனுப்புவான். வள்ளலுக்குத் திருப்பிக் கொடுக்க அவனிடம் என்ன இருக்கிறது? எதிரே வருபவனுக்குக் கொடுக்க வழி இருக்கிறது. நம் காலத்திலும் இது நடக்கிறது. 2007 ஜூலையில் அமெரிக்காவின் மிச்சிகனைச் சேர்ந்த ஓர் இளைஞர், முன்பின் அறியாத ஒரு பெண்ணுக்குத் தம் சிறுநீரகத்தைக் கொடுத்தார். மனைவிக்குக் கொடுக்கத் தயாராக இருந்தும் பொருந்தாமல் போன அவள் கணவர், தம்முடையதை வேறொரு பெண்ணுக்குக் கொடுத்தார். அப்படியே நீண்ட அந்தச் சங்கிலியில் 10 பேருக்கு மாற்று அறுவை சிகிச்சை நடந்தது.

அந்த 11 நாளும் நீங்கள் தூக்குச்சட்டியோடு படியிறங்கியதை உங்கள் மகன் பார்த்துக்கொண்டுதானே இருந்திருப்பான்? மனக்குறையைப் பூட்டி வைக்காதீர்கள், சகோதரி. அந்த அம்மாவிடம் நேரில் போய், "என் பிள்ளை படுத்திருந்தபோது உங்களை எதிர்பார்த்தேன்" என்று சொல்லிவிடுங்கள். அவர்களுக்கு விஷயமே தெரியாமலும் இருந்திருக்கலாம்.

வேண்டாத துணிகளை மாட்டி வைத்தால் தேவைப்படுபவர்கள் எடுத்துக்கொள்ளட்டும் என்று எங்கள் குடியிருப்பில் அன்புச் சுவர் வைத்தோம். மூன்றே மாதத்தில் கிழிசல் துணிகள் குவிந்து குப்பைமேடு ஆகிவிட்டது. எடுத்துவிடலாமா?
- வாசகர், சேலம்

எடுத்துவிடாதீர்கள். 2015-இல் ஈரானின் மஷ்ஹத் நகரில், தேவையில்லாததை விட்டுச் செல்லுங்கள், தேவையானதை எடுத்துச் செல்லுங்கள் என்று ஒரு சுவரில் எழுதிக் கொக்கிகள் அடித்தார்கள். அது நாடு நாடாகப் பரவி, 2017-இல் திருநெல்வேலியில் மாவட்ட நிர்வாகமே அன்புச் சுவர் அமைத்தது. உங்கள் சுவரில் இருப்பது கொக்கியா, பெட்டியா? பெட்டி என்றால் அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். பெட்டிக்குள் எதையும் திணித்துவிடலாம். கொக்கியில் மாட்டினால் அறுந்த பொத்தான் ஊருக்கே தெரியும். கொடுப்பவருக்கே கூச்சம் வரும். எடுக்க வருபவரும் கிளறாமல், கடையில் பார்ப்பதுபோல் நிமிர்ந்து நின்று பார்த்து எடுக்கலாம். பொறுப்புக்கு ஒருவரை, ஊசி நூலோடு, வாரம் ஒரு நாள் உட்கார வையுங்கள்.

ரத்தம் கொடுக்க ஆசையாக இருக்கிறது, அக்கா. என் எடை 42 கிலோ. திருப்பி அனுப்பிவிட்டார்கள்.
- கல்லூரி மாணவி, தஞ்சாவூர்

அனுப்பியது சரிதான், அம்மா. குறைந்தது 45 கிலோ வேண்டும், ஹீமோகுளோபின் 12.5 இருக்க வேண்டும். மேலே சொன்ன சூளைக்காரர் அழைத்து வந்தவர்களில் 43 கிலோ பையன் ஒருவன் இருந்தான். எடை இயந்திரத்தில் ஏறியவன் முகம் தொங்கிப்போயிற்று. ஏழு மாதம் கழித்து 46 கிலோவோடு தனியாகவே வந்தான். முருங்கைக்கீரை, கேழ்வரகு, முட்டை, பேரீச்சை என்று நன்றாகச் சாப்பிடுங்கள். அதுவரை முகாம்களுக்குப் போய் வாருங்கள். முதல் முறை கொடுப்பவர்கள் ஊசியைப் பார்த்ததும் வெளிறிப் போவார்கள். பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுக்க ஒரு ஆள் எப்போதும் தேவைப்படும்.