தொடுகிறதா, பக்கத்தில் இருக்கிறதா? புரதத்துக்குள் அமினோ அமிலத் தொடர்புகள் – கேள்வி பதில்

புரதக் கட்டமைப்பில் எந்த அமினோ அமிலம் எதைத் தொட்டுக்கொண்டிருக்கிறது என்று கணக்கெடுப்பது பற்றி வந்த கேள்விகள் இவை. சங்கிலியில் கோத்த ஒவ்வொரு அமினோ அமிலத்தையும் ரெசிட்யூ என்றே எழுதுகிறேன், ஆய்வகத்தில் வாயில் வருவது அதுதான். தூரம் எல்லாம் ஆங்ஸ்ட்ராமில் (மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு).

முதலாண்டு ஆய்வு மாணவி: மேடம், ஒரு கட்டுரையில் 8-க்குள் இருந்தால் தொடர்பு என்கிறார்கள். இன்னொன்றில் 4.5 என்கிறார்கள். எதை எடுத்துக்கொள்வது?

இரண்டும் சரி. ஆனால் இரண்டும் அளப்பது வேறு வேறு. 8 என்பது பீட்டா கார்பனிலிருந்து பீட்டா கார்பனுக்கு உள்ள தூரம். பக்கச் சங்கிலி தொடங்கும் இடம் அது. கிளைசினுக்கு பீட்டா கார்பனே கிடையாது என்பதால் அங்கே மட்டும் முதுகெலும்புச் சங்கிலியில் உள்ள ஆல்ஃபா கார்பன். கட்டமைப்பைக் கணிக்கும் காஸ்ப் போட்டியில் புழங்கும் வரையறை இது. 4.5 என்பது இரு ரெசிட்யூக்களின் எல்லா அணுக்களையும் (ஹைட்ரஜனை விட்டுவிட்டு) ஒப்பிட்டு, மிக நெருங்கிய ஜோடிக்கு இடையே உள்ள தூரம்.

ஏன் 4.5? கார்பனின் வான்டர்வால்ஸ் ஆரம், அதாவது பிணைப்பு இல்லாதபோது அணு அடைத்துக்கொள்ளும் இடத்தின் ஆரம், 1.7. இரண்டு கார்பன் ஒட்டி நின்றால் 3.4. மிச்சம் 1.1-தான், நீர் மூலக்கூறின் விட்டமோ சுமார் 2.8. அதாவது நடுவில் தண்ணீர் நுழைய முடியாத அளவு நெருக்கம். சிலர் 4 வைப்பார்கள், சிலர் 5. அதற்காகச் சண்டை போட வேண்டியதில்லை.

இரண்டு வரையறைகளும் எங்கே பிரிகின்றன என்று பாருங்கள். லைசினின் கை நீளமானது. அதன் நுனியில் உள்ள நைட்ரஜன் குளூட்டாமிக் அமிலத்தின் ஆக்சிஜனை 3-ல் பிடித்துக்கொண்டிருக்கும், ஆனால் அவற்றின் பீட்டா கார்பன்களுக்கு இடையே 10 இருக்கலாம். 8 வரையறை இந்த ஜோடியைத் தவறவிடும். மறுபக்கம், இரண்டு அலனின்களின் பீட்டா கார்பன்கள் 7.5-ல் நின்றால் 8 வரையறை அதைத் தொடர்பு என்று எழுதிவிடும். உண்மையில் அந்த இரு பக்கச் சங்கிலிகளும் ஒன்றையொன்று தொடவே இல்லை. எனவே மடிப்பின் உருவம்தான் வேண்டும் என்றால் 8. எந்தப் பக்கச் சங்கிலி எதைப் பிடித்திருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் அணுவுக்கு அணு அளவு. எதை எடுத்தாலும் ஆய்வேட்டில் வரையறையை எண்ணுக்கு முன்னால் எழுதுங்கள்.

அதே ஆய்வுக்குழு நண்பர்: ஒரே கோப்பு, ஒரே 4.5. எனக்கு வந்த தொடர்புகள் என் சீனியருக்கு வந்ததைப் போல் சரியாக இரண்டு மடங்கு!

"சரியாக" என்று சொல்லிவிட்டீர்களே, அதிலேயே விடை இருக்கிறது. 12-ஆம் ரெசிட்யூவுக்கும் 40-ஆம் ரெசிட்யூவுக்கும் ஒரு தடவை, 40-க்கும் 12-க்கும் இன்னொரு தடவை எண்ணியிருக்கிறீர்கள். ரெசிட்யூக்களை வரிசையிலும் நெடுவரிசையிலும் வைத்த அணியின் (மேட்ரிக்ஸ்) மேல் பாதியை மட்டும் எண்ணுங்கள்.

இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் கூடக்குறைய வந்தால் வேறு காரணம் தேட வேண்டும். பெரும்பாலும் அண்டை ரெசிட்யூக்கள்தான். அடுத்தடுத்த ஆல்ஃபா கார்பன்கள் பெரும்பாலும் சுமார் 3.8-ல் இருக்கும், பிணைப்பே இருக்கிறதே! அதைத் தொடர்பு என்று எண்ணுவதில் பயன் இல்லை. குறைந்தபட்சம் 3 அல்லது 4 ரெசிட்யூ தள்ளி இருப்பவற்றை மட்டும் எடுப்பது வழக்கம். காஸ்ப் கணக்கில் 6 ரெசிட்யூவுக்குக் குறைவான இடைவெளி சேராது, 24 அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் "நீண்ட தூரத் தொடர்பு".

கணினித் துறையிலிருந்து வந்தவர்: ரெசிட்யூ எண்ணை அப்படியே கழித்தால் இடைவெளி கிடைத்துவிடும் அல்லவா?

கிடைக்கும் என்றுதான் நானும் நம்பியிருந்தேன். இரத்தத்தை உறைய வைக்கும் த்ராம்பினின் கோப்பைத் திறந்து பாருங்கள்: 60-க்குப் பிறகு 60A, 60B என்று 60I வரை போகும். அதன் உறவுப் புரதமான கைமோட்ரிப்சினோஜனின் எண்ணோடு பொருந்த வேண்டும் என்பதற்காக, கூடுதலாக உள்ள ரெசிட்யூக்களுக்கு எழுத்து ஒட்டியிருக்கிறார்கள். வெறும் முழு எண்ணாகப் படித்தால் பத்து ரெசிட்யூக்களும் ஒன்றாகிவிடும். இன்னொரு தொல்லை, படிகத்தில் தெரியாத வளையங்கள். 141-க்கு அடுத்த வரி 150 என்று இருக்கும், நடுவில் உள்ளவை கோப்பிலேயே இல்லை. கட்டமைப்பைப் பதியும் எம்எம்சிஃப் (mmCIF) கோப்பில் ஆசிரியர் தந்த எண் ஒன்று, முழு வரிசைப்படி வரும் எண் இன்னொன்று என்று இரண்டு உண்டு. கழிப்பதற்கு இரண்டாவது, கட்டுரையில் எழுத முதலாவது.

அப்புறம், ஒரே அணு இரண்டு நிலைகளில் பதிவாகியிருக்கலாம், 60 சதவீதம் ஒரு பக்கம், 40 சதவீதம் இன்னொரு பக்கம் என்று. ஒரு முறை என் பட்டியலில் ஒரு செரின் பக்கத்து லியூசினை 1.1-ல் தொட்டது. புதுவிதப் பிணைப்பு கண்டுபிடித்துவிட்டதாக ஒரு மதியம் முழுக்கத் துள்ளிக்கொண்டிருந்தேன். பார்த்தால் செரினின் இரண்டாம் நிலையும் லியூசினின் முதல் நிலையும். இரண்டும் ஒரே நேரத்தில் இருக்கவே முடியாது. ஒரே குறியீடு உள்ள நிலைகளை மட்டும் ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள்.

பெயர் வேண்டாம் என்றவர்: கார்பனுக்கும் கார்பனுக்கும் 2.6 என்று வருகிறது. மிக வலுவான தொடர்பு என்று எழுதலாமா?

வேண்டாம். அது தொடர்பு அல்ல, மோதல். பிணைப்பு இல்லாத இரண்டு கார்பன் எவ்வளவு நெருங்கலாம் என்பதற்கு ஜி. என். ராமச்சந்திரனும் உடன் ஆய்வாளர்களும் 1963-லேயே எல்லை போட்டார்கள்: வழக்கமாக 3.2, மிஞ்சிப்போனால் 3.0. ராமச்சந்திரன் வரைபடமே அந்தத் தூரப் பட்டியலிலிருந்து பிறந்ததுதான். கட்டமைப்பின் தெளிவு குறைவாக இருக்கும், அல்லது அந்தப் பக்கச் சங்கிலியைத் தவறாகப் பொருத்தியிருப்பார்கள். சிஸ்டீன்களின் இரண்டு கந்தகங்கள் 2.05-ல் இருந்தால் மட்டும் பயப்படாதீர்கள், அது டைசல்ஃபைடு பிணைப்பு.

உயிர்வேதியியல் ஆசிரியர்: எக்ஸ்ரே கட்டமைப்பில் ஹைட்ரஜனே தெரிவதில்லை. பிறகு ஹைட்ரஜன் பிணைப்பை எப்படிச் சொல்கிறீர்கள்?

கொடுக்கும் அணுவுக்கும் வாங்கும் அணுவுக்கும் இடையே 3.5-க்குள் இருக்கிறதா, கோணம் பொருந்துகிறதா என்று பார்ப்போம். அல்லது ஹைட்ரஜனை இருக்க வேண்டிய இடத்தில் மென்பொருளால் வைத்துவிட்டுப் பார்ப்போம். முதுகெலும்புப் பிணைப்புகளுக்கு 1983-ல் காப்ஷும் சாண்டரும் தந்த வழி இன்னும் ஓடுகிறது: மின்விசை ஆற்றலைக் கணக்கிட்டு, அது மோலுக்கு −0.5 கிலோ கலோரிக்குக் கீழே போனால் பிணைப்பு.

வில்லங்கம் ஆஸ்பராஜினிலும் குளூட்டமினிலும்தான். அவற்றின் நுனியில் ஒரு பக்கம் ஆக்சிஜன், மறுபக்கம் நைட்ரஜன். எக்ஸ்ரேக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒரே மாதிரித் தெரியும். 180 பாகை திருப்பி வைத்திருந்தால், கொடுப்பது வாங்குவதாகவும் வாங்குவது கொடுப்பதாகவும் மாறிவிடும். ஹிஸ்டிடினிலும் இதே கதை. அதனால் பட்டியல் போடும் முன், திருப்பிப் பார்த்துச் சரிசெய்யும் மால்ப்ரோபிட்டி போன்ற கருவியில் ஒரு முறை கோப்பை ஓட்டிவிடுவேன்.

ஆய்வு மாணவர்: உப்புப் பாலத்துக்கு, அதாவது எதிரெதிர் மின்னூட்டம் உள்ள பக்கச் சங்கிலிகளின் தொடர்புக்கு, எல்லை எத்தனை?

லைசின் அல்லது ஆர்ஜினினின் நைட்ரஜனுக்கும், ஆஸ்பார்டிக் அல்லது குளூட்டாமிக் அமிலத்தின் ஆக்சிஜனுக்கும் இடையே 4. ஹிஸ்டிடினைச் சேர்ப்பதா என்பது அமிலத்தன்மையைப் பொறுத்தது, யோசித்துச் சேருங்கள்.

முதுகலை மாணவி: இரு அச்சிலும் ரெசிட்யூ எண், தொடும் ஜோடிக்கு ஒரு புள்ளி என்று போடும் தொடர்பு வரைபடம் எனக்கு வெறும் புள்ளிக் கோலமாகத்தான் தெரிகிறது. எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் மூலைவிட்டத்தை. அதை ஒட்டித் தடித்த பட்டையாக ஓடினால் ஆல்ஃபா சுருள். ஒரு சுற்றுக்கு 3.6 ரெசிட்யூ என்பதால் 3, 4 தள்ளி இருப்பவை அருகருகே வந்துவிடும், அதுதான் பட்டை. மூலைவிட்டத்துக்குக் குறுக்கே செங்குத்தாக ஒரு கோடு கிளம்பினால் எதிரெதிர் திசையில் ஓடும் பீட்டா இழைகள். கொண்டை ஊசி வளைவை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: வளைவில் இருப்பவை வரிசையிலும் அருகே, நுனிக்குப் போகப் போக வரிசையில் தூரம், இடத்தில் மட்டும் நெருக்கம். மூலைவிட்டத்துக்கு இணையாகத் தள்ளி ஒரு கோடு இருந்தால் ஒரே திசையில் ஓடும் இழைகள்.

அப்புறம், தூரத்தில் தனியாகக் கிடக்கும் சில புள்ளிகள். எனக்குப் பிடித்தவை அவைதான். கைமோட்ரிப்சின் என்ற செரிமான நொதியில் ஹிஸ்டிடின் 57, ஆஸ்பார்டிக் அமிலம் 102, செரின் 195: வரிசையில் எங்கெங்கோ, இடத்தில் கைகோத்து நிற்கும். வினையைச் செய்வதே இந்த மூன்றும்தான்.

மருத்துவத் துறையினர்: நோயாளியிடம் கண்ட மாற்றம் புரதத்தின் மேற்பரப்பில் இருக்கிறது. அதற்கு உள்ளே தொடர்பே இல்லை. பாதிப்பில்லை என்று சொல்லிவிடலாமா?

அவசரப்படாதீர்கள். அரிவாள் செல் நோயில் பீட்டா சங்கிலியின் 6-வது இடத்தில் குளூட்டாமிக் அமிலம் வாலினாகிறது. ஒரே ஹீமோகுளோபினுக்குள் தேடினால் எதுவும் சிக்காது. அந்த வாலின் போய் உட்காருவது பக்கத்து ஹீமோகுளோபினின் ஃபினைல்அலனின் 85, லியூசின் 88 இருக்கும் குழியில். தொடர்பு மூலக்கூறுக்கு வெளியே இருக்கிறது.

இதற்கு எதிர்மறையும் உண்டு. கோப்பில் இரண்டு சங்கிலிகள் ஒட்டி நிற்பதாலேயே உடலிலும் அப்படி நிற்கும் என்று அர்த்தமில்லை. படிகத்தில் அடுக்கியபோது தோள் உரசியிருக்கலாம். உயிரியல் கூட்டமைப்பு என்று தனியாகத் தரும் கோப்பை எடுங்கள், அதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள்.

ஆய்வு மாணவர்: புரத வடிவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்ட் மென்பொருள் தந்த மாதிரியில் தொடர்பு எண்ணலாமா?

எண்ணலாம். ஆனால் கோப்பில் பி-காரணி இருக்கும் கட்டத்தில் அங்கே நம்பக மதிப்பெண் இருக்கும், பொருள் தலைகீழ். எக்ஸ்ரே கோப்பில் எண் கூடினால் அணு ஆடுகிறது. இங்கே கூடினால் நம்பலாம். பழைய நிரலை அப்படியே ஓட்டி, நல்ல ரெசிட்யூக்களை எல்லாம் வடிகட்டித் தூக்கிப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். 70-க்குக் கீழ் உள்ளவற்றை விட்டுவிடுங்கள். இரண்டு களங்களுக்கு (தனித்தனியே மடியும் பகுதிகள்) இடையிலான தொடர்பு என்றால் இந்த மதிப்பெண் போதாது, ஒன்றுக்கொன்று நிற்கும் நிலையில் எவ்வளவு பிழை இருக்கலாம் என்று காட்டும் பிஏஇ (PAE) வரைபடத்தையும் பாருங்கள். ஒவ்வொரு களமும் தனித்தனியே அருமையாக இருந்து, ஒன்றுக்கொன்று நிற்கும் நிலை மட்டும் ஊகமாக இருக்கலாம்.

புரதத்தின் அசைவைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் இயக்கப் பாவனை செய்பவர்: ஒரு தொடர்பு சட்டகத்துக்குச் சட்டகம் (ஒரு நொடிப்படம்) வந்து வந்து போகிறது. இருக்கிறது என்பதா, இல்லை என்பதா?

எல்லைக்கோட்டில் நிற்கும் ஜோடி அப்படித்தான் மினுக்கும். இரண்டு எல்லை வையுங்கள்: 4.5-க்குள் வந்தால் உண்டானது, 6-ஐத் தாண்டினால்தான் அறுந்தது. பிறகு எத்தனை சதவீதச் சட்டகங்களில் இருந்தது என்று எழுதுங்கள்.

கணினித் துறையினர், மறுபடியும்: என் நிரல் ஒரு பெரிய கோப்புக்கு அரை மணி நேரம் எடுக்கிறது.

எல்லா அணுவையும் எல்லா அணுவோடும் ஒப்பிடுகிறீர்கள் போல. அருகில் உள்ள புள்ளிகளை வேகமாகத் தேட உதவும் கேடி மரம் (k-d tree) பயன்படுத்துங்கள், பயோபைத்தான் நிரல் தொகுப்பில் அண்டைத் தேடலுக்கென்றே ஒன்று தயாராக இருக்கிறது. மாற்றிய பிறகு ஏதாவது ஒரு ரெசிட்யூவை எடுத்து, கட்டமைப்பைப் படமாகக் காட்டும் பைமாலில் 4.5-க்குள் இருப்பவற்றைத் தேர்ந்தெடுத்து, உங்கள் பட்டியலோடு விரல்விட்டு எண்ணிப் பாருங்கள்.