மூடிய டிரெய்லரில் பைக்குகள்: வாசகர் கேள்வி – பதில்

பைக்குகளை ஏற்றிச் செல்லும் மூடிய டிரெய்லரைத் தேர்ந்தெடுப்பது, அதன் உட்புறத்தை அமைத்துக்கொள்வது ஆகியவை குறித்துப் பல கடிதங்கள் வந்துள்ளன. கேள்விகள் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்பதால் இம்முறை இப்பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: என்னிடம் நீண்ட பயணத்துக்கான பெரிய பைக்குகள் இரண்டு உள்ளன. 6 அடி அகலமும் 12 அடி நீளமும் உள்ள டிரெய்லரே போதும் என்கிறார் விற்பனையாளர். 7 அடிக்கு 14 அடி வாங்கச் சொல்கிறார் நண்பர். எதை வாங்குவது?

பதில்: இருவர் சொல்வதையும் சற்று ஒத்திவைத்துவிட்டு, முதலில் உங்கள் பைக்குகளை அளந்துகொள்ளுங்கள். முன் சக்கரத்தின் நுனியிலிருந்து பின்பெட்டியின் முடிவு வரை நீளம், பக்கக் கண்ணாடிகளோடு சேர்த்து ஹேண்டில்பாரின் அகலம், காற்றுத் தடுப்பின் உச்சி வரை உயரம் ஆகிய மூன்றும் தேவை. பெரிய பைக்குகள் பொதுவாக 2.5 மீட்டர் வரை நீளமும், ஹேண்டில்பாரில் 85 முதல் 95 சென்டிமீட்டர் வரை அகலமும் இருக்கும். 6 அடி என்பது 183 சென்டிமீட்டர். அதுவும் பெரும்பாலும் வெளியளவாகவே சொல்லப்படுவதால், சுவரின் கனம் போக உள்ளே கிடைப்பது இன்னும் குறைவு. ஆகவே 6 அடி டிரெய்லரில் இரண்டு ஹேண்டில்பார்களும் ஒரே வரிசையில் அருகருகே நிற்க முடியாது; ஒரு பைக்கை முன்னே தள்ளியும் மற்றதைப் பின்னே இழுத்தும் நிறுத்த வேண்டியிருக்கும். 7 அடியில் இந்த நெருக்கடி பெருமளவு தீர்ந்துவிடும்.

அளந்த பிறகு செய்ய வேண்டிய வேலையைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். டிரெய்லரின் உள்ளளவைச் சமதரையில் சுண்ணக்கட்டியால் வரைந்து, அந்தக் கட்டத்துக்குள் பைக்குகளை நிறுத்திப் பாருங்கள். பைக்குகள் அடங்கினால் மட்டும் போதாது. முன் சக்கரத்துக்கு முன்னால், பைக்கைக் கட்டும் பெல்ட்டை இழுக்க இடம் வேண்டும். ஒரு மனிதர் பைக்குக்கும் சுவருக்கும் இடையில் மண்டியிட்டு அந்தப் பெல்ட்டை இறுக்கவும் இடம் வேண்டும். அந்த இடம் இல்லாத டிரெய்லரில் பெல்ட்டுகளை ஒருபோதும் சரியாகக் கட்ட முடியாது என்பதால், டிரெய்லரின் அளவைத் தீர்மானிக்க வேண்டியது பைக் நிற்கும் இடமும் கட்டுபவர் நிற்கும் இடமும் சேர்ந்துதான் என்பது என் உறுதியான கருத்து. பெரிய பைக்குகள் இரண்டு என்று நீங்கள் சொல்வதால், நண்பரின் யோசனையையே ஏற்பேன்.

உயரத்தையும் மறக்க வேண்டாம். பின்கதவின் திறப்பு எப்போதும் உட்கூரையைவிடச் சில அங்குலம் தாழ்வாகவே இருக்கும். 6 அடி உயர டிரெய்லருக்குள் பைக் எளிதாக நுழைந்துவிடும். அதைத் தள்ளிச் செல்பவரின் தலைதான் இடிக்கும். காற்றின் எதிர்ப்பு கொஞ்சம் கூடினாலும் ஆறரை அடி உயரம் நல்லது.

கேள்வி: ஓர் அச்சு போதுமா, இரண்டு அச்சு வேண்டுமா? டிரெய்லருக்குத் தனியாக பிரேக் அவசியமா?

பதில்: கணக்குப் போட்டுப் பார்த்தால் விடை தானாகவே தெரிந்துவிடும். தலா 350 கிலோ எடையுள்ள இரண்டு பைக்குகளுக்கு 700 கிலோ. கருவிகள், தலைக்கவசங்கள், உதிரிச் சக்கரம், எரிபொருள் கேன் எல்லாம் சேர்த்து 120 கிலோ. 6 அடிக்கு 12 அடி அளவுள்ள, எஃகுச் சட்டமுடைய டிரெய்லரின் வெற்று எடையை 600 கிலோ என்று வைத்துக்கொண்டால், மொத்தம் 1,420 கிலோ ஆகிறது. சந்தையில் பரவலாகக் கிடைக்கும் ஓர் அச்சு டிரெய்லர்களில் பலவற்றின் அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 2,990 பவுண்டு, அதாவது சுமார் 1,356 கிலோ. அச்சு மட்டும் 3,500 பவுண்டு தாங்கும் என்று விற்பவர் சொல்லலாம். ஆனால் டிரெய்லரின் தகட்டில் எந்த எடை பொறிக்கப்பட்டிருக்கிறதோ அதற்கு மேல் ஏற்றக்கூடாது. எனவே உங்கள் பைக்குகள் தலா 200 கிலோ அளவில் இருந்தால் ஓர் அச்சு போதும். கனமான பைக்குகளுக்கு இரண்டு அச்சுதான் சரி. நெடுஞ்சாலையில் ஒரு டயர் வெடித்தாலும் மற்ற மூன்றும் டிரெய்லரைத் தாங்கிப் பிடிக்கும் என்பது இரட்டை அச்சின் பெரிய நன்மை.

பிரேக் எந்த எடையிலிருந்து கட்டாயம் என்பது நாட்டுக்கு நாடு மாறுபடுகிறது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 750 கிலோவுக்கு மேல் கட்டாயம். அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் 3,000 பவுண்டு என்ற எல்லை இருக்கிறது. சட்டம் எங்கே கோடு போட்டாலும், பைக்குகளை ஏற்றும் டிரெய்லருக்கு பிரேக் இருக்க வேண்டும் என்பதே என் பரிந்துரை. மின் பிரேக் என்றால் இழுக்கும் வாகனத்தில் அதற்கான கட்டுப்பாட்டுக் கருவியையும் பொருத்த வேண்டும்.

குலுக்கலைத் தாங்க, எஃகுப் பட்டைகளை அடுக்கிய லீஃப் ஸ்பிரிங் நல்லதா, அச்சுக்குள்ளேயே ரப்பர் முறுகி அதிர்வைத் தாங்கும் ரப்பர் முறுக்கு அச்சு நல்லதா என்றும் கேட்கிறார்கள். லீஃப் ஸ்பிரிங் விலை மலிவு. எங்கும் பழுது பார்த்துவிடலாம். முறுக்கு அச்சில் தளம் தாழ்வாக அமைவதால் பைக்கை ஏற்றுவது எளிது, குலுக்கலும் குறைவு. பைக் ஏற்றுவதே முதன்மையான வேலை என்றால் நான் முறுக்கு அச்சையே தேர்ந்தெடுப்பேன்.

கேள்வி: வேகம் கூடும்போது டிரெய்லரின் பின்புறம் இடமும் வலமுமாக ஆடுகிறது. அச்சில் ஏதாவது கோளாறா?

பதில்: அச்சைச் சந்தேகிப்பதற்கு முன் பாரம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். மாட்டு வண்டியில் பாரம் ஏற்றுகிறவர்கள் முன்பாரம், பின்பாரம் என்று பார்த்துப் பார்த்து அடுக்குவார்கள். இங்கேயும் அதே கணக்குதான். டிரெய்லரின் இழுதண்டு, இழுக்கும் வாகனத்தின் கொக்கியை எவ்வளவு அழுத்துகிறதோ அதுவே முன்பாரம். இத்தகைய டிரெய்லர்களுக்கு மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு என்பது பரவலாக ஏற்கப்பட்ட அளவு. 1,420 கிலோ டிரெய்லருக்கு 142 முதல் 213 கிலோ வரை வரும். இதைவிடக் குறைந்தால் நீங்கள் சொல்லும் ஆட்டம் வரும். மிகுந்தால் இழுக்கும் வாகனத்தின் பின்புறம் தாழ்ந்து, முன் சக்கரங்களின் பிடிப்புக் குறையும். உங்கள் வாகனத்தின் கையேடு கொக்கிக்கு என்ன எல்லை சொல்கிறதோ அதை மீறக் கூடாது. பல கார்களில் அது 75 முதல் 100 கிலோ வரைதான் என்பதால், அத்தகைய காரால் இவ்வளவு கனமான டிரெய்லரை இழுக்க நினைப்பதே தவறு.

பைக்கைச் சிறிது நகர்த்தினாலே முன்பாரம் மாறிவிடும். கொக்கியிலிருந்து அச்சு 3.5 மீட்டர் தொலைவில் இருந்தால், 350 கிலோ பைக்கை 30 சென்டிமீட்டர் முன்னே தள்ளும்போது முன்பாரம் சரியாக 30 கிலோ கூடுகிறது. இதை வீட்டு எடைக் கருவியாலேயே அளக்கலாம். ஒரு வலுவான பலகையின் ஒரு முனையைக் கருவியின் மேலும், மறுமுனையை 3 அடி தள்ளி அதே உயரமுள்ள கட்டையின் மேலும் வைத்து, கட்டையிலிருந்து 1 அடி தொலைவில் இழுதண்டை இறக்குங்கள். பலகையால் கருவி காட்டும் எடையை முதலிலேயே குறித்துக்கொண்டு, அதைக் கழித்து, மீதியை 3ஆல் பெருக்கினால் முன்பாரம் கிடைக்கும். டிரெய்லர் சமமட்டத்தில் இருப்பதும், பைக்குகள் ஏற்றிய நிலையில் அளப்பதும் முக்கியம். மொத்த எடையைப் பொது எடைமேடையில் ஒருமுறை போட்டுப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: தரையில் வளையங்களும் முன் சக்கரப் பிடிப்பானும் பொருத்த வேண்டும். பலகையில் நேரடியாகத் திருகினால் போதுமா?

பதில்: போதவே போதாது. உள் அமைப்பில் உயிர்நாடியான வேலை இதுதான் என்பதால் விரிவாகவே சொல்கிறேன்.

டிரெய்லரின் தரை பெரும்பாலும் 18 அல்லது 19 மில்லிமீட்டர் ஒட்டுப்பலகை. அதன் அடியில் 16 அல்லது 24 அங்குலத்துக்கு ஒன்றாகக் குறுக்குச் சட்டங்கள் ஓடும். வாங்கும்போதே 16 அங்குல இடைவெளியுள்ளதைக் கேட்டு வாங்குவது நல்லது. பலகையில் மட்டும் திருகப்பட்ட வளையம் ஒரு பலத்த குலுக்கலில் திருகோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிடக்கூடும். இயன்றவரை வளையங்களைக் குறுக்குச் சட்டத்தோடு சேர்த்து போல்ட் போடுங்கள். சட்டம் கிடைக்காத இடத்தில், பலகையின் அடிப்புறத்தில் வளையத்தின் அடித்தட்டைவிடப் பெரிய எஃகுத் தகட்டைக் கொடுத்து, ஊடுருவும் போல்ட்டால் இறுக்குங்கள். துளையிடும் முன் டிரெய்லருக்கு அடியில் படுத்து, மின் கம்பிகளும் பிரேக் கம்பிகளும் எங்கே ஓடுகின்றன என்று பார்த்துவிடுங்கள். துளையின் விளிம்பில் நீர் புகாதபடி பூச்சுக் கொடுங்கள். அலுமினியச் சட்டம் என்றால் எஃகு போல்ட் நேரடியாகத் தொடும் இடத்தில் அரிப்பு ஏற்படும். இடையே காப்புப் பூச்சோ வாஷரோ வேண்டும்.

வளையங்களை வாங்கும்போது இரண்டு எண்களைக் காண்பீர்கள். உடையும் எடை ஒன்று. வேலை எடை மற்றொன்று. வேலை எடை பொதுவாக உடையும் எடையில் மூன்றில் ஒரு பங்கு. நீங்கள் கணக்கில் கொள்ள வேண்டியது வேலை எடையை மட்டுமே. பைக்குகள் மாறிக்கொண்டே இருக்கும் என்றால், தனி வளையங்களுக்குப் பதிலாக நீளவாட்டில் துளைகள் உள்ள எஃகுத் தண்டவாளப் பட்டைகளைப் பதிப்பது மேல்; பெல்ட்டை வேண்டிய இடத்தில் மாட்டிக்கொள்ளலாம்.

சக்கரப் பிடிப்பானில், சக்கரம் ஏறியதும் தானாகச் சாய்ந்து பூட்டிக்கொள்ளும் வகையே சிறந்தது. பைக் அதில் நிமிர்ந்து நிற்கும் என்பதால் ஒருவரே தனியாகப் பெல்ட் கட்டிவிட முடியும். ஆனால் பைக்குகளை உள்ளே நிறுத்தி, முன்பாரத்தை அளந்து, சரியான இடத்தைக் குறித்த பிறகே அதற்கு முதல் துளை போட வேண்டும்.

கேள்வி: ஹேண்டில்பாரில் பெல்ட் போட்டு, ஃபோர்க் (முன் சக்கரத்தைப் பிடித்து அதிர்வைத் தாங்கும் இரட்டைக் குழாய்) முழுவதும் அமுங்கும் வரை இறுக்குவேன். அது சரியா?

பதில்: இரண்டுமே தவறு. ஹேண்டில்பார் வளையலாம், ரப்பர் புஷ்கள் உள்ள பைக்கில் முறுக்கிக்கொள்ளலாம். ஃபோர்க்கின் இரு குழாய்களையும் இணைக்கும் கீழ்க் கவ்வியில் மென்மையான துணி வளையத்தைச் சுற்றி, அதில் பெல்ட்டை மாட்டுங்கள். முன்னோக்கியும் வெளிநோக்கியும் ஏறத்தாழ 45 பாகை சாய்வில் பெல்ட் இழுபட வேண்டும். ஃபோர்க்கின் ஓட்டத்தில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை அமுங்கினால் போதும். முழுவதும் அமுக்கினால், எண்ணெய் கசியாமல் தடுக்கும் சீல்களுக்குக் கேடு. அமுக்கவே இல்லை என்றால் பள்ளத்தில் பைக் துள்ளும்போது பெல்ட் தளர்ந்து கொக்கி கழன்றுவிடும். பின்புறம் இரண்டு பெல்ட்டுகள் பக்கவாட்டில் நகராமல் பிடிக்க மட்டுமே என்பதால் அவற்றை மிதமாக இறுக்குங்கள். பைக் சைடு ஸ்டாண்டில் சாய்ந்து நிற்கக்கூடாது. பெல்ட்டுகளால் அழுத்தும் பாரமெல்லாம் அந்தச் சிறிய காலில் இறங்கிவிடும்.

புறப்பட்டுச் சில கிலோமீட்டரிலேயே ஒருமுறை நிறுத்திப் பெல்ட்டுகளைச் சோதியுங்கள். புதிய டிரெய்லர் என்றாலோ, சக்கரத்தைக் கழற்றி மாட்டியிருந்தாலோ, முதல் 80 முதல் 160 கிலோமீட்டருக்குள் சக்கர நட்டுகளையும் மீண்டும் இறுக்க வேண்டும்.

கேள்வி: என் தாழ்வான குரூஸர் பைக்கின் அடிப்பகுதி, சாய்தளக் கதவும் தரையும் சேரும் இடத்தில் தட்டுகிறது. என்ன செய்யலாம்?

பதில்: இழுக்கும் வாகனத்தில் மாட்டியபடியே, இழுதண்டின் ஜாக்கைச் சற்று உயர்த்தினால் டிரெய்லரின் பின்புறம் தாழ்ந்து ஏற்றம் குறையும். டிரெய்லரின் சக்கரங்கள் மேட்டிலும் சாய்தளம் பள்ளத்திலும் இல்லாதபடி சமமான இடத்தைத் தேர்ந்தெடுங்கள். அப்படியும் தட்டினால் சாய்தளத்துக்கு நீளமான நீட்டிப்புத் தகடு தேவை. வாகனத்திலிருந்து கழற்றிய டிரெய்லரில் மட்டும் பைக்கை ஏற்றாதீர்கள். பாரம் பின்னால் ஏறும்போது முன்புறம் தூக்கிக்கொள்ளும். சாய்தளக் கதவு தாங்கும் எடையில் பைக்கோடு தள்ளுபவரின் எடையும் சேரும். ஈரமான பலகை மிகவும் வழுக்கும் என்பதால் சாய்தளத்தில் சொரசொரப்பான பூச்சோ ஒட்டுப்பட்டையோ கட்டாயம் தேவை.

கேள்வி: டிரெய்லருக்குள் பெட்ரோல் வாடை தங்கிவிடுகிறது. கூரையில் காற்றோட்டத் திறப்பு இருக்கிறதே?

பதில்: பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, அது தரையை ஒட்டியே தேங்கும். கூரைத் திறப்பு வெப்பத்தை வெளியேற்றுமே தவிர, கீழே படிந்த ஆவியை எடுக்காது. பக்கச் சுவரில் ஒருபுறம் தாழ்வாகவும் மறுபுறம் உயரமாகவும் இரண்டு திறப்புகளைப் பொருத்துங்கள். பெட்ரோல் குழாய் அடைப்பான் உள்ள பைக்கில் அதை மூடிவிட்டு ஏற்றுங்கள். வாடை இருக்கும்போது பேட்டரி சார்ஜரை மாட்டாதீர்கள். ஒரு தீப்பொறி போதும். பைக்குகள் உள்ளே இருக்கையில் டிரெய்லரில் யாரும் உறங்கக் கூடாது.

கேள்வி: உள்ளே பைக்குக்கு உறை போட வேண்டுமா?

பதில்: வேண்டாம். குலுக்கலில் உறையும் தூசியும் உரசிப் பெயின்ட்டைக் கெடுக்கும்.

கேள்வி: பழைய டிரெய்லர் ஒன்று நல்ல விலைக்கு வருகிறது. எவற்றைச் சோதிப்பது?

பதில்: கதவுகளை மூடிக்கொண்டு பகல் வேளையில் உள்ளே நின்று, எங்காவது வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள், வெளிச்சம் வரும் வழியில் மழையும் வரும். பலகையைச் சுவர் ஓரங்களிலும் பின்கதவு அருகிலும் காலால் அழுத்துங்கள். மெத்தென்று இருந்தால் மரம் உளுத்துவிட்டது. டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது. ஆறு ஆண்டு கடந்த டயரை, அதன் பட்டை புதிதாகத் தெரிந்தாலும் மாற்றிவிடுங்கள். இணைப்பு முனையின் அளவும் உங்கள் வாகனத்தின் கொக்கிப் பந்தின் அளவும் ஒன்றாக இருக்கிறதா என்று எண்ணைப் படித்து உறுதி செய்யுங்கள். இரண்டேகால் அங்குலத்துக்குச் சற்று மேற்பட்ட பந்துக்கான முனை, 2 அங்குலப் பந்தின் மேலும் உட்கார்ந்து பூட்டிக்கொண்டதுபோலவே தோன்றும். ஒரு மேட்டில் ஏறி இறங்கும்போது கழன்றுவிடும்.