கடலடிக்குச் செல்ல சக்கர நாற்காலி தடையா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எனக்கு வயது 34. பைக் விபத்தில் தண்டுவடத்தில் டி10 (மார்புப் பகுதி முதுகெலும்பில் பத்தாவது) மட்டத்தில் அடிபட்டதால் இடுப்புக்குக் கீழே உணர்வும் அசைவும் இல்லை. சக்கர நாற்காலியில்தான் வேலைக்குப் போய்வருகிறேன். கைகளில் குறையொன்றும் இல்லை. குளத்தில் கைகளாலேயே நீந்துவேன். வரும் பிப்ரவரியில் மனைவியுடன் அந்தமான் சென்று ஸ்கூபா டைவிங் செய்ய விரும்புகிறேன். ஃபோனில் விசாரித்தபோது ஓரிடத்தில் 'முடியாது சார்' என்று சொல்லிவிட்டார்கள். இன்னோரிடத்தில் 'வாங்க சார், பசங்க தூக்கிட்டுப் போய் இறக்கிடுவாங்க' என்றார்கள். எதை நம்புவது, எங்கிருந்து தொடங்குவது? – வாசகர், ஈரோடு.

பதில்: முதலாமவர் உங்களைப் பற்றி எதையும் கேட்காமல் மறுத்திருக்கிறார், இரண்டாமவர் எதையும் கேட்காமல் ஒப்புக்கொண்டிருக்கிறார். எனக்கு இரண்டாமவரிடம்தான் அச்சம் அதிகம். காயத்தின் மட்டம் எது, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு நீங்களாகவே மாறுவீர்களா, சிறுநீர் எப்படிக் கழிக்கிறீர்கள், என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றெல்லாம் உங்களைக் கேட்டுத் துளைக்கும் பயிற்றுநர் கிடைக்கும்வரை முன்பணம் அனுப்பாதீர்கள். உங்களைப் போன்றவர்களுக்குத் தண்ணீருக்குள் இருக்கும் நேரமே எளிதானது. விடுதிக் குளியலறை, படகின் விளிம்பு, தண்ணீரை விட்டு மேலேறும் இரண்டு நிமிடம் ஆகியவற்றில்தான் திட்டம் தடுக்கி விழும்.

முதலில் மருத்துவத்தை முடித்துக்கொள்ளுங்கள். டைவிங் மையங்கள் தரும் மருத்துவப் படிவத்தில், மருத்துவர் எழுதித் தந்த மருந்து எதையாவது சாப்பிடுகிறீர்களா என்ற ஒரு கேள்விக்கு 'ஆம்' என்றாலே மருத்துவரின் ஒப்புதல் தேவைப்படும். தசை இறுக்கத்துக்கோ சிறுநீர்ப்பைக்கோ நீங்கள் மாத்திரை எடுப்பவராக இருந்தால் இது உங்களுக்கும் பொருந்தும். படகு கிளம்பும் நேரத்தில் படிவத்தை நீட்டி 'எல்லாத்துக்கும் நோ போட்டுடுங்க' என்று சொல்லும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அதற்கு இடம்கொடாமல், படிவத்தை முன்கூட்டியே வரவழைத்து, உங்களைத் தொடர்ந்து பார்த்துவரும் மறுவாழ்வு மருத்துவரிடம் காட்டுங்கள். அப்படி ஒருவர் இல்லையென்றால் வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மறுவாழ்வு மையத்தையோ, சென்னை கே.கே. நகரில் உள்ள அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையத்தையோ அணுகலாம். நுரையீரல் நிலை, உடலில் ஆறாத புண் ஏதும் உண்டா, தண்டுவடத்துக்குள் நீர்க்கட்டி உருவாகியிருக்கிறதா ஆகிய மூன்றையும் அவர் பார்த்துச் சொல்ல வேண்டும்.

அன்றே அவரிடம் இன்னொரு காகிதமும் எழுதி வாங்குங்கள். உடலில் எந்த இடம் வரை தொடுவுணர்வு இருக்கிறது, எந்தத் தசைக்கு எவ்வளவு வலு இருக்கிறது என்ற இன்றைய நிலையை அதில் அவர் குறித்துத் தர வேண்டும். காரணத்தைச் சொல்கிறேன். ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் உடல் மீதான அழுத்தம் ஒரு வளிமண்டல அளவு கூடுகிறது. சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் இரத்தத்திலும் திசுக்களிலும் கரைகிறது. விரைவாக மேலே வந்தால் அது குமிழிகளாக வெளிப்பட்டு 'டீகம்ப்ரஷன் நோய்' உண்டாகிறது. அந்த நோய் தண்டுவடத்தைத் தாக்கும்போது கால் மரத்துப்போகும், வலு குறையும், சிறுநீர் கழிக்க இயலாமற்போகும். மற்றவருக்கு அபாய மணியான இந்த மூன்றும் உங்களுக்கு அன்றாட வாழ்க்கை. இந்நோயின் இன்னோர் அடையாளமான தோள்மூட்டு வலியும், நாள் முழுவதும் சக்கரம் தள்ளுகிறவருக்குப் புதிதல்ல. டைவ் முடிந்து வந்தபின் மரத்த பகுதி நேற்றைக்குத் தொப்புள் மட்டத்திலும் இன்றைக்கு அதற்கு மேலும் இருக்கிறதென்றால், அதைக் கண்டுபிடிக்க நேற்றைய நிலை காகிதத்தில் இருந்தாக வேண்டும். அதன் ஒரு பிரதி உங்கள் மனைவியிடமும் மற்றொன்று பயிற்றுநரிடமும் இருக்கட்டும். இந்நோய்க்குச் சிகிச்சை தரும் உயர் அழுத்த ஆக்ஸிஜன் அறை போர்ட் பிளேரில் கடற்படை மருத்துவமனையான தன்வந்தரியில் இருக்கிறது. டைவிங் நடக்கும் ஹேவ்லாக் தீவிலிருந்து அங்கே போக மீண்டும் கடலைத் தாண்ட வேண்டும். ஆகவே ஆழம் 12 மீட்டருக்குள், நாளொன்றுக்கு ஓரிரு முறை மட்டும் என்று நிறுத்திக்கொள்வது நல்லது. பவளமும் வண்ண மீன்களும் வெளிச்சம் நிறைந்த அந்த ஆழத்திலேயே ஏராளம். 30 மீட்டருக்குப் போனவர் உங்களைவிட அதிகம் பார்த்துவிடப் போவதில்லை.

அடுத்தது பயிற்றுநர். கலிஃபோர்னியாவில் ஜிம் கடேக்கர் என்பவர் 1981-இல் தொடங்கிய ஹேண்டிகேப்டு ஸ்கூபா அசோசியேஷன், மாற்றுத்திறனாளிகளுக்கென்றே சான்றிதழை மூன்று நிலைகளாகப் பிரித்தது. தனக்கும் உதவிக்கொண்டு, உடன் டைவ் செய்யும் துணைவருக்கும் உதவ முடிந்தவர் 'ஏ' நிலை. அவருக்கு ஒரு துணைவர் போதும். தன்னைப் பார்த்துக்கொள்வார், ஆனால் துணைவரை மீட்க இயலாது என்றால் 'பி' நிலை. இரண்டு துணைவர்கள் வேண்டும். 'சி' நிலையில் அந்த இருவரில் ஒருவர் மீட்புப் பயிற்சி பெற்றவராகவும் இருக்க வேண்டும். டைவிங் பயிற்சிச் சான்றிதழ் வழங்கும் 'பாடி' (PADI) அமைப்பும் 2017 முதல் மாற்றுத்திறனாளிகளுக்குக் கற்பிக்கும் உத்திகளைத் தனிப் படிப்பாக நடத்துகிறது. உங்கள் பயிற்றுநர் இவற்றில் ஏதாவதொன்றை முடித்தவரா என்று கேளுங்கள். முடிக்காதவர் என்பதாலேயே ஒதுக்கிவிட வேண்டியதில்லை. இதற்குமுன் தண்டுவடக் காயம் உள்ள ஒருவரை இறக்கியிருக்கிறாரா, அவரை எப்படிப் படகில் ஏற்றினார் என்று கேட்டுப் பாருங்கள். செய்தவருக்கு விவரம் நாவின் நுனியில் இருக்கும். செய்யாதவர் 'பாத்துக்கலாம் சார்' என்பார்.

கடலுக்கு முன்பு ஒரு முறையேனும் குளத்தில் முழுக் கருவிகளுடன் இறங்குங்கள். உடலோடு ஒட்டிய ரப்பர் உடையான வெட்சூட் மிதக்கும் தன்மையுடையது. அசைக்க முடியாத மெலிந்த கால்களில் அதை அணிந்தால் கால்கள் மேலே எழும்பித் தலை கீழாகச் சாயும். கணுக்காலில் அரைக் கிலோ அளவுக்குச் சிறு எடை கட்டி, முழங்கால்களைப் பட்டையால் சேர்த்துவைத்தால் உடல் கிடைமட்டத்துக்கு வந்துவிடும். சரியான எடை எவ்வளவு என்பதைக் குளத்தில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க முடியும். விரல்களுக்கிடையே சவ்வுள்ள கையுறை இருந்தால் கைவீச்சின் வேகம் கூடும். எனினும் உங்கள் துடுப்பும் கைதான், காதின் அழுத்தத்தைச் சமன்செய்ய மூக்கைப் பிடிப்பதும் கைதான், மிதப்பைக் கூட்டிக் குறைக்கும் மிதவைச் சட்டையின் பொத்தானை அழுத்துவதும் கைதான் என்பதால், ஒரு வேலையை நிறுத்திவிட்டு அடுத்ததைச் செய்யும் நிதானம் பழக வேண்டும். நீரோட்டம் உள்ள இடங்களை ஒதுக்கிவிடுங்கள். பிரிட்டிஷ் கலைஞர் சூ ஆஸ்டின் 2012-இல் தனியாக வடிவமைத்த சக்கர நாற்காலியோடு கடலடியில் சுற்றிவந்த காட்சியைப் பார்த்துவிட்டு, அப்படி ஒன்று வேண்டுமோ என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அது அழகான கலைப்படைப்பு. ஆனால் தண்ணீருக்குள் எடையே தெரியாத உடம்புக்கு நாற்காலி எதற்கு?

இனி இடத்துக்கு வருவோம். பிப்ரவரி அந்தமானுக்கு மிகப் பொருத்தமான மாதம். கடல் அமைதியாக இருக்கும். விமானச் சீட்டு எடுத்தவுடன், குறைந்தது 48 மணி நேரம் முன்னதாக, உங்கள் தேவையை விமான நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். 'வீல்சேர் வேண்டும்' என்று மட்டும் சொன்னால் படியேற முடிந்தவருக்கான ஏற்பாட்டைச் செய்துவைப்பார்கள். இருக்கை வரை கொண்டுசேர்க்க வேண்டிய பயணிக்கு 'டபிள்யூ.சி.எச்.சி.' என்ற குறியீடு, அதைச் சொல்லிப் பதியச் சொல்லுங்கள். நாற்காலியின் மெத்தையை விமானத்துக்குள் உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். போர்ட் பிளேருக்கு இப்போது ஸ்ரீ விஜயபுரம் என்றும் ஹேவ்லாக்கிற்கு ஸ்வராஜ் த்வீப் என்றும் பெயர். முன்பதிவுத் தளங்களில் இரு பெயர்களும் வரும், குழம்ப வேண்டாம். இடையிலுள்ள கப்பல் பயணத்தில் ஏறும் பலகையின் சரிவு கடல்மட்டத்தைப் பொறுத்து மாறும். ஊழியர்கள் பதறிப்போய் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துத் தூக்குவார்கள், அது கழன்று வரும் கைப்பிடியாக இருக்கும். எங்கே பிடிக்க வேண்டும், யார் முன்னால் நிற்க வேண்டும் என்று நீங்களே கணீரென்று சொல்லிவிடுங்கள். விடுதிக்காரர் 'தரைத்தளம்தான் சார்' என்பதோடு நிறுத்துவார். குளியலறைக் கதவின் குறுக்கே அளவு டேப்பைப் பிடித்து, எண் தெரியும்படி ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லி, உங்கள் நாற்காலியின் அகலத்தோடு ஒப்பிட்ட பிறகு பணம் கட்டுங்கள்.

முதல் டைவ் கரையிலிருந்து நடந்திறங்கும் வகையாக இருக்கட்டும். ஹேவ்லாக்கில் புதியவர்களை அழைத்துச் செல்லும் நீமோ ரீஃப் அப்படிப்பட்டதே. ஆனால் நீர் வற்றும் நேரத்தில் கரையையொட்டிக் கல்லும் உடைந்த பவளமும் நீளத்துக்குத் தெரியும். நிறைநீர் நேரத்தைக் கேட்டு அதற்கேற்ப நேரம் குறியுங்கள். மணலில் முன் சக்கரங்கள் புதையும் என்பதால், நாற்காலியைப் பின்னோக்கிச் சாய்த்துப் பெரிய சக்கரங்களில் இழுத்துச் செல்லட்டும். இடுப்பளவு நீருக்கு வந்ததும் சிலிண்டரையும் மிதவைச் சட்டையையும் தண்ணீரிலேயே மாட்டிக்கொள்ளலாம். படகாக இருந்தால் விளிம்பில் உட்கார்ந்து பின்பக்கமாக உருண்டு விழுவது உங்களுக்கு இயல்பாக வரும். ஏறுவதுதான் பாடு: எடைகளையும் சிலிண்டரையும் நீரிலேயே கழற்றிக் கொடுத்துவிட்டு, மேலே இருவர் இழுக்கக் கீழே ஒருவர் தாங்க வேண்டும். விளிம்பில் கனத்த ரப்பர் பாய் விரிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். உணர்வில்லாத தோலில் சிராய்ப்பு ஏற்பட்டால் மாலையில் உடை மாற்றும்போதுதான் தெரியவரும்; வெயிலில் கொதிக்கும் படகுத் தளம் சுட்டாலும் அப்படியே. ஒவ்வொரு டைவுக்குப் பிறகும் பிட்டம், குதிகால், கணுக்கால் ஆகியவற்றை உங்கள் மனைவி பார்க்கட்டும். சிறு புண் கண்டால் அன்றோடு கடல் நிறுத்தம்.

கழிப்பறை இல்லாத படகை நினைத்துக் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பது நம்மில் பலர் செய்வது. டைவிங்கில் அது பெருந்தவறு. உடலில் நீர் குறைந்தால் டீகம்ப்ரஷன் நோய்க்கான வாய்ப்பு கூடும். நன்றாகக் குடியுங்கள், இறங்குவதற்குச் சற்று முன் கதீட்டரால் சிறுநீர்ப்பையைக் காலி செய்துகொள்ளுங்கள், படகில் ஒரு திரையோ மறைப்போ வேண்டுமென்று முன்பே சொல்லிவையுங்கள். (டி6 மட்டத்துக்கோ அதற்கு மேலோ காயம் உள்ளவர்கள் இதைப் படித்தால்: நிரம்பிய சிறுநீர்ப்பையோ இறுக்கமான வெட்சூட்டோ திடீர் இரத்த அழுத்த உயர்வையும் மண்டையைப் பிளக்கும் தலைவலியையும் கிளப்பிவிடும், உங்களுக்கு மருத்துவ ஆலோசனை இன்னும் விரிவாக வேண்டும்.) தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தாலும், காயத்துக்குக் கீழே உடல் தன் வெப்பத்தைச் சரிவரக் காக்காது, மற்றவர் அரைக்கால் உடையில் இறங்கினால் நீங்கள் முழு வெட்சூட் அணியுங்கள். காலில் நீள ஜிப் வைத்தது என்றால் மாட்டுவது எளிது.

பல நாள் டைவ் செய்தவர் விமானம் ஏறுமுன் குறைந்தது 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பது டைவர்களின் பாதுகாப்புக்கான அமைப்பான டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க்கின் வழிகாட்டல். அதனால் கடைசி நாளைக் கரையிலேயே கழியுங்கள். பயணக் காப்பீட்டில் சாகச விளையாட்டுகளும் முன்பே உள்ள உடல்நிலையும் விலக்கப்பட்டிருக்கின்றனவா என்று படித்துப் பார்த்துவிட்டு எடுங்கள்.

கேள்வி: எனக்கு வலது முழங்காலுக்குக் கீழே கால் இல்லை, சர்க்கரை நோயினால் எடுத்துவிட்டார்கள். செயற்கைக் காலோடு டைவ் செய்யலாமா? – வாசகர், திருநெல்வேலி.

பதில்: அன்றாடம் நடக்கும் செயற்கைக் காலை உப்புநீரில் இறக்காதீர்கள், உலோகம் துருப்பிடிக்கும், உள்ளே வெற்றிடமுள்ள குழாய் மிதக்கும். நீருக்கென்றே செய்த கால்கள் உண்டு. அது இல்லாமலே ஒற்றை ஃபின்னோடு (காலில் மாட்டும் துடுப்பு) நன்றாக நீந்துகிறவர்களும் உண்டு. ஆனால் உங்கள் விஷயத்தில் நான் கவலைப்படுவது காலைப் பற்றியல்ல, சர்க்கரையைப் பற்றி. நீருக்கடியில் சர்க்கரை இறங்கி மயக்கம் வந்தால் வாயிலிருக்கும், மூச்சுக்குக் காற்று தரும் ரெகுலேட்டர் நழுவிவிடும். இன்சுலினோ, சர்க்கரையைத் தாழ்த்தும் மாத்திரையோ எடுப்பவர்கள் இறங்குவதற்கு 60 நிமிடம் முன்பும், 30 நிமிடம் முன்பும், இறங்கும் தறுவாயிலும் இரத்தத்தைச் சோதித்து, அளவு 150-க்குக் குறையாமலும் இறங்குமுகத்தில் இல்லாமலும் இருந்தால் மட்டுமே இறங்க வேண்டும் என்று நிபுணர்களின் நெறிமுறை கூறுகிறது. நரம்பு, கண், சிறுநீரகம், இதயம் ஆகியவற்றையும் உங்கள் மருத்துவர் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். காலை எடுக்கும் அளவுக்குப் போன சர்க்கரை மற்ற உறுப்புகளை விட்டுவைத்திருக்கிறதா என்று தெரியாமல் 'சரி' என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கேள்வி: போலியோவால் இடது கால் பாதிக்கப்பட்டு காலிப்பரும் (காலைத் தாங்கும் கருவி) ஊன்றுகோலும் பயன்படுத்துகிறேன். முதுகெலும்பிலும் சற்று வளைவு இருக்கிறது. ஜூலையில் தங்கையுடன் திருகோணமலை செல்கிறேன். அங்கே டைவ் செய்யலாமா? – வாசகி, சென்னை.

பதில்: மாதத்தைச் சரியாகத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். அந்தமானில் மழையும் கொந்தளிப்புமாக இருக்கும் மே முதல் செப்டம்பர் வரைதான் இலங்கையின் கிழக்குக் கரையில் கடல் அடங்கியிருக்கும். போலியோவில் தொடுவுணர்வு போவதில்லை என்பதால், தோல் பற்றி மேலே எழுதியவை உங்களுக்கு அவ்வளவாகப் பொருந்தா. முதுகு வளைவு நுரையீரலின் கொள்ளளவைக் குறைத்திருக்கிறதா என்பதைத்தான் முதலில் அறிய வேண்டும். ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி சோதனை செய்து, முடிவை மருத்துவரிடம் காட்டுங்கள். பலவீனமான தசை குளிரில் விரைவில் சோரும், அதிகம் உழைத்தால் மறுநாள் முழுக்க வலிக்கும் என்பதால் ஒரு நாள் டைவ், ஒரு நாள் ஓய்வு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நிலாவெளியிலிருந்து புறாத் தீவுக்குப் போகும் படகுகளில் மணற்கரையிலிருந்தே ஏற வேண்டும். தீவின் கரையில் உடைந்த பவளத் துண்டுகள் கிடக்கும், அதில் ஊன்றுகோல் நிலைகொள்ளாது. தீவில் இறங்காமல் படகிலிருந்தே நேராக நீரில் இறங்கி, படகிலேயே திரும்பி ஏற இயலுமா என்று மையத்திடம் கேளுங்கள். காலிப்பரை விடுதியிலேயே கழற்றி வைத்துவிட்டு, தங்கையின் தோளையும் ஒற்றை ஊன்றுகோலையும் பிடித்துப் படகுவரை போவதே நல்லது. தோல் பட்டையில் உப்புநீர் ஏறிவிட்டால் பிறகு காயும்போது விறைத்துத் தொடையை அறுக்கும்.