எரிச்சலும் சீழும்: இளநீரில் தீராது

கேள்வி: வயது 31, அம்பத்தூரில் வேலை. பத்து நாளுக்கு முன் வெளியே ஒரு பெண்ணுடன் ஆணுறை இல்லாமல் உறவு. ஒரு வாரமாக ஒன்றுக்குப் போனால் எரிகிறது, ஜட்டியில் மஞ்சள் கறை. ‘சூடு’ என்று நண்பன் இளநீர் குடிக்கச் சொன்னான். மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய சிப்ரோ மாத்திரை மூன்று நாள் போட்டும் நிற்கவில்லை. மனைவிக்குத் தெரியாமல் குணமாக்க முடியுமா?

பதில்: சூட்டால் நீர்க்கடுப்பு வரலாம், சீழ் வராது. உறவுக்குப் பின் 2 முதல் 7 நாளுக்குள் எரிச்சலும் மஞ்சள் சீழும் வந்தால் முதல் சந்தேகம் கொனோரியா, நம் பெரியவர்கள் ‘வெட்டை’ என்பது. சிப்ரோவுக்கு இந்தக் கிருமி இப்போது பெரும்பாலும் மசிவதில்லை. அதை நிறுத்துங்கள், போட்டதை டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

நாளைக் காலையே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையின் பால்வினை நோய்ப் பிரிவுக்குப் போங்கள். போவதற்கு முன் ஒரு மணி நேரமாவது சிறுநீர் கழிக்காதீர்கள். சீழைக் கண்ணாடித் துண்டில் தடவிச் சாயமேற்றிப் பார்த்தால், வெள்ளணுக்களுக்குள் இரட்டை இரட்டையாகக் கிருமி தெரியும். ஆண்களிடம் இது மிக நம்பகமான சோதனை. வசதியிருந்தால் சிறுநீரில் மரபணுச் சோதனையும் செய்வார்கள். சாதாரண யூரின் டெஸ்டுக்கு நடுவில் வருவதைப் பிடிப்போம். இதற்கு நேர்மாறாக, முதலில் வருவதைத்தான் பிடிக்க வேண்டும். கிருமி இருப்பது அதில்தான்.

கொனோரியா என்றால் செஃப்ட்ரியாக்சோன் ஊசி, ஒரே தடவை. கிளமிடியா என்ற இன்னொரு பால்வினைத் தொற்றும் கூடவே இருப்பது சகஜம். அதற்கு டாக்சிசைக்ளின் 100 மி.கி., தினம் இருவேளை, 7 நாள். இரண்டாம் நாளே எரிச்சல் அடங்கிவிடும். அங்கேதான் பலர் மாத்திரையை விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். எச்.ஐ.வி., சிஃபிலிஸ், ஹெபடைடிஸ் பி சோதனையும் அன்றே கொடுங்கள், எச்.ஐ.வி.யை மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும்.

மனைவி விஷயத்தில் உங்கள் பயம் புரிகிறது. ஆனால் அந்த உறவுக்குப் பின் அவருடன் சேர்ந்திருந்தால், மறைத்துக் குணமாக்க வழியில்லை. பெண்களுக்கு இது பெரும்பாலும் அறிகுறி காட்டாமலே கருக்குழாயைக் கெடுக்கும், பிள்ளைப்பேற்றைப் பறிக்கும். அவருக்கு மருந்தில்லை என்றால் உங்களுக்கும் திரும்ப வரும். எப்படிச் சொல்வது என்று தவித்தால் அங்குள்ள ஆலோசகரிடம் கேளுங்கள். 1097 என்ற இலவச எய்ட்ஸ் உதவி எண்ணிலும் தமிழில் பேசலாம். மனைவி கர்ப்பமாக இருந்தால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், டாக்சிசைக்ளின் கூடாது. இருவரும் மருந்து முடித்து 7 நாள் ஆகும்வரை உறவு வேண்டாம். விதை வீங்கினாலோ காய்ச்சல் வந்தாலோ காலைவரை காத்திருக்காமல் அவசர சிகிச்சைக்கு ஓடுங்கள்.